பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிற அக்கா

கோவில்பட்டியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலையில் கொஞ்ச வருஷம் இருந்தேன். மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு சேர்ந்த வேலை அது. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, ஆட்களுடைய கூடையைப் பார்த்தே அவர்கள் வீட்டைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு மண்டைக்கனம் உண்டு. பால் பவுடரும் டயப்பரும் வந்தால் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். திடீரென்று ஓட்ஸ் வந்தால் யாருக்கோ ரத்தப் பரிசோதனை முடிந்திருக்கிறது. ஒருத்தர் கூடையை மட்டும் ரொம்ப நாளைக்கு என்னால் வாசிக்க முடியவில்லை. சுரைக்காய், பீர்க்கங்காய், முட்டைக்கோஸ், வெள்ளை அரிசி, ரவை, முட்டை. வாரா வாரம் இதேதான். ஆனால் இதை எடுப்பதற்கு அந்த அக்கா கடையில் முக்கால் நாள் நிற்பார்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். கடையில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவர் ‘திருப்பி அக்கா’தான். ஒல்லியான, உயரமான உருவம். கஞ்சி போட்ட நூல் சேலை. மூக்குக் கண்ணாடி கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கும். அது போதாதென்று கட்டைப்பைக்குள் ஒரு பூதக்கண்ணாடியும் இருக்கும். எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். தோசையைத் திருப்புகிற மாதிரி சட்டென்று திருப்பி, பூதக்கண்ணாடியை வைத்துப் பின்பக்கத்தை எழுத்து எழுத்தாகப் படிப்பார். படித்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார். அடுத்ததை எடுப்பார். அடுக்கி அடுக்கி நொந்துபோன எங்கள் பெண்களுக்கு அவரைக் கண்டாலே எரிச்சல் வரும்.

“முன்னால எழுதியிருக்கது விக்கிறவன் பேச்சு பிள்ள,” என்பார் என்னிடம். “பின்னால எழுதியிருக்கது சர்க்கார் கழுத்தப் பிடிச்சு எழுத வச்சது. அதான் அத அம்புட்டுப் பொடி எழுத்துல எழுதுதான்.”

இப்போது நான் திருப்பூரில் இருக்கிறேன். இங்கேயும் கடைக்குப் போனால் என் கை தானாகப் பாக்கெட்டைத் திருப்புகிறது. என் வீட்டுக்காரர், “ஆரம்பிச்சிட்டா” என்று தலையில் அடித்துக்கொள்வார். அப்போதெல்லாம் அந்த அக்காவின் நினைப்பு வந்து, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிடுவேன்.

எங்கள் கடையில் பச்சைப் பலகை மாட்டிய ஒரு வரிசை உண்டு. ‘ஆரோக்கியம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கம்பு அவல், கேழ்வரகு சேமியா, தினை பிஸ்கட், உலர்ந்த திராட்சை, பேரீச்சை. கரிசல் காட்டில் கம்பும் சோளமும் விதைத்துத் தின்று அலுத்துப்போனவர்களின் பேரப்பிள்ளைகள் அதையே டப்பாவில் வாங்கக் காரில் வந்து இறங்குவார்கள். அக்கா அந்த வரிசையில்தான் ரொம்ப நேரம் நிற்பார். ஒரு சாமானும் எடுக்க மாட்டார். சும்மா நின்றாலும் பரவாயில்லை, வருகிறவர் போகிறவர் வண்டிக்குள்ளேயும் கையை விடுவார்.

ஒரு நாள் சின்ன வயசுப் பெண் ஒருத்தி, பிள்ளையை வண்டியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்குப் பக்கத்தில் நாலைந்து கம்பு நூடுல்ஸ் பாக்கெட். அக்கா ஒன்றை எடுத்துவிட்டார்.

“இது எதுக்கும்மா?”

“பிள்ளைக்குத்தான். கம்புல செஞ்சது. சத்து.”

“முன்னால கம்பங்கதிர் படம் போட்டிருக்கான், வாஸ்தவம். பின்னால பாரு. எது நெறைய இருக்கோ அத மொதல்ல எழுதணும். என்ன எழுதியிருக்கான்? மைதா. கம்பு எங்கன கெடக்கு பாத்தியா? கல்யாண வீட்டுல பந்தல்காரன் நிக்க மாதிரி ஓரமா நிக்கு.”

“என் வண்டியில கைய விட நீங்க யாரு?” என்று அந்தப் பெண் சத்தம் போட்டுவிட்டாள். சத்தம் போட்டவள் அந்தப் பாக்கெட்டுகளை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அது முதலாளி அண்ணாச்சி காதுக்குப் போனது. அவர் நல்ல மனுஷன், ஆனால் கடை என்று வந்தால் கறார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே வந்தார்.

“யக்கா, நான் ஏவாரம் பண்ணுதேன். வாங்க வாரவங்களயெல்லாம் நீங்க இப்பிடி வெரட்டுனா எப்பிடி?”

“வெரட்டல அண்ணாச்சி. படிக்கச் சொல்லுதேன்.”

“படிச்சா வாங்க மாட்டாங்களே!”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. நாங்கள் எல்லோரும் குனிந்துகொண்டு சிரித்தோம். கடைசியில், அடுத்தவர் வண்டியில் கை வைக்கக் கூடாது என்று ஒரு ஒப்பந்தம் ஆனது. அக்கா அதை அப்படியே காப்பாற்றினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். யாராவது ஏதாவது எடுத்தால் “ச்சு” என்று ஒரு சத்தம் மட்டும் வாயிலிருந்து வரும். கை வைத்ததைவிட அந்த “ச்சு” ரொம்ப மோசம். எடுத்தவர்கள் கை தானாகப் பின்னால் போகும்.

பில் போடும் மேஜைக்குப் பக்கத்தில் கடலை மிட்டாய் அடுக்கியிருப்போம். எங்கள் ஊரில் அதைத் தாண்டி யாரும் போக முடியாது. அக்கா அதையும் தொட்டதில்லை. “ஊர்ப் பேரையே கெடுக்குதீங்களே யக்கா” என்று அண்ணாச்சி வம்புக்கு இழுப்பார். “எங்க வீட்டுக்கு ஆகாது” என்பார், அவ்வளவுதான்.

எனக்கு ஒரு நாள் பொறுக்கவில்லை. நானும் கொஞ்சம் முன்கோபக்காரிதான். “ஏங்க்கா, எல்லாத்தையும் எடுத்து எடுத்துத் திருப்பி வைக்கீங்களே, வீட்ல என்னதான் திங்கீங்க?” என்று கேட்டுவிட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சிரித்தார். “வந்து பாரு” என்றார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருதான் அவர் வீடு.

போனேன். அடுப்படியில் உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கித் தண்ணீரில் ஊற வைத்திருந்தார். அந்தத் தண்ணீரைக் கொட்டினார். வேறு தண்ணீரில் வேக வைத்து அதையும் கொட்டினார். சத்தெல்லாம் போகிறதே என்று நான் பதறினேன். “போகட்டும்னுதான் கொட்டுதேன்” என்றார். முன்னறையில் அவர் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்கா வீட்டுக்காரர் எனக்கு அத்தான்தானே, அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்தேன். தீப்பெட்டி ஆபீசில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகளை மதுரையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அத்தானுக்கு இரண்டு கிட்னியும் சரியில்லை. அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் கூடை விளங்கியது. ஊருக்கெல்லாம் நல்லதான கீரை, தக்காளி, வாழைப்பழம், இளநீர், கம்பு, கடலை, பேரீச்சை எதுவும் அந்த வீட்டுக்கு ஆகாது. அதிலெல்லாம் பொட்டாசியம் நிறைய. பழுதான கிட்னி அதை வெளியே தள்ளாது. ரத்தத்தில் தங்கி நெஞ்சைப் பிடிக்கும்.

“மொதல்ல பிரஷர்தான் இருந்துச்சு, கிட்னி லேசா சொணக்கம்னு சொல்லியிருந்தாவ,” என்று அக்கா சொன்னார். “உப்பக் கொறைங்கன்னாரு டாக்டர். ஒங்க அத்தான் குளத்தூர்ப் பக்கத்து ஆளு. வீட்டுக்குப் பின்னாலயே உப்பளம். ‘உப்புக்கு நடுவுல பெறந்தவன உப்பில்லாம திங்கச் சொல்லுதியா’ன்னு தட்டத் தள்ளிவிட்டுட்டாவ. நான் என்ன செய்ய? ஒரு கடையில பாத்தேன் பிள்ள. நெஞ்சுப் படம் போட்டு, சோடியம் கம்மி உப்புன்னு எழுதியிருந்துச்சு. எனக்குச் சந்தோசம்னா சந்தோசம். நல்ல உப்புதானன்னு அள்ளி அள்ளிப் போட்டேன். அவியளும் ஒரு பருக்க விடாம சாப்பிட்டாவ.”

ஒரு நாள் காலையில் அத்தானால் எழுந்திருக்க முடியவில்லை. கை கால் துவண்டுவிட்டது. திருநெல்வேலிக்குக் கொண்டு ஓடியிருக்கிறார்கள். என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டபோது, அக்கா பெருமையாக அந்த உப்பைச் சொல்லியிருக்கிறார்.

“சோடியத்தக் கொறச்சிட்டு அந்த எடத்துல பொட்டாசியத்தப் போட்டிருக்கான்னு டாக்டர் சொன்னாரு. நல்ல கிட்னி உள்ளவங்களுக்கு அது நல்ல உப்புதானாம். இவியளுக்குத்தான் ஆகாதாம். வீட்டுக்கு வந்து பாக்கெட்டத் திருப்பிப் பாத்தேன். எறும்பு ஊர்ற மாதிரி எழுத்துல எழுதித்தான் வச்சிருக்கான், கிட்னி நோய் உள்ளவங்க டாக்டரக் கேட்டுட்டுச் சேக்கணும்னு. நான் திருப்பவே இல்ல பிள்ள. இந்தக் கையாலதான் போட்டேன்.”

கையை நீட்டிக் காட்டினார். அதற்குப் பிறகு நான் அவரை ‘திருப்பி அக்கா’ என்று கூப்பிட்டதில்லை.

பத்தியத்தை ஒழுங்காகக் காப்பாற்றினால் டயாலிசிஸ் வரைக்கும் போகாமல் தள்ளிப் போடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைத்தான் அக்கா பிடித்துக்கொண்டார். “மெசின்ல ஏத்த விட மாட்டேன்” என்பார், யாரோ வாசலில் மெஷினைக் கொண்டுவந்து வைத்திருக்கிற மாதிரி. தனக்கென்று தனியாக உலை வைத்ததில்லை. அத்தானுக்கு என்னவோ அதேதான் அவருக்கும். உப்பில்லாத சுரைக்காய்க் கூட்டை, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் சாப்பிடுவார். நான் ஒரு தடவை வாயில் வைத்துப் பார்த்தேன். தாயே! பச்சைத் தண்ணீரை மென்ற மாதிரி இருந்தது.

நம் ஆட்களுக்கு நோயாளியைப் பார்க்கப் போவதென்றால் கை வீசிக்கொண்டு போகத் தெரியாது. சாத்துக்குடி, மாதுளை, இளநீர், சத்து மாவு என்று எதையாவது தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அக்கா அத்தனையையும் வாசலிலேயே மடக்கிவிடுவார். அதனால் சொந்தத்தில் பாதிப் பேர் பகை. நாகலாபுரத்திலிருந்து அத்தானின் தங்கச்சி ஒரு தடவை வந்திருந்தார். கம்பு மாவு, முருங்கைக்கீரை, சாக்கு நிறைய இளநீர். நானும் அப்போது அங்கேதான் இருந்தேன்.

“எங்கண்ணனுக்கு ஒரு எளநி குடுக்கக்கூட ஒங்களுக்கு மனசு வரலயா மதினி? ஆளு அரை ஆளாப் போயிட்டான். புருசனப் பட்டினி போட்டுக் கொல்லுதா இவன்னு ஊரே பேசுது, காதுல விழுதா இல்லையா?”

“விழுது,” என்றார் அக்கா. “ஒங்கண்ணன் இருந்து அதக் கேக்கட்டும். அவிய இருக்கணும், அம்புட்டுதான் எனக்கு.”

அருவாளை எடுத்து ஒரு இளநீரைச் சீவி நாத்தனாருக்குக் கொடுத்தார். இன்னொன்றை எனக்குக் கொடுத்தார். தான் குடிக்கவில்லை. அந்தம்மா அழுதுகொண்டே இளநீரைக் குடித்து முடித்தார், குடித்துவிட்டுத் திரும்பவும் சண்டையை ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. நாத்தனார் போன பிறகு அக்கா வாசற்படியில் உட்கார்ந்து, “ஒருவேள நான் ரொம்பத்தான் படுத்துதேனோ பிள்ள? அவிய மனசுல ஆசைய வச்சிக்கிட்டே போயிட்டா அந்தப் பாவம் என்னச் சேருமே” என்றார். அவருடைய பயம் எல்லாம் இதுதான். ஆளைக் காப்பாற்ற வேண்டும், காப்பாற்றுகிறேன் என்று அவரைக் காயப்போட்டுவிடவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் அந்த அக்கா பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அத்தான் ஒரே ஒரு தடவை கடைக்கு வந்தார். தீபாவளிக் கூட்டம். அக்கா காய்கறிப் பக்கம் போன நேரம் பார்த்து, அத்தான் ஊறுகாய் வரிசையில் நின்று கொண்டிருந்ததை நான் கவனித்தேன். பில் போட வண்டியைக் காலி செய்தபோது சுரைக்காய்க்கு அடியிலிருந்து ஒரு ஊறுகாய்ப் பாக்கெட் வந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா அத்தானைப் பார்த்தார். அத்தான் கூரையைப் பார்த்தார். அக்கா அதை எடுத்து ஓரமாக வைத்தார். அவ்வளவுதான், அத்தானுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

“நீ போடுறது சோறாட்டி? மாட்டுக்குக்கூட தண்ணியில உப்புப் போட்டு வைக்காங்க. சாகும்போதாவது உப்புப் போட்டு ஒரு வாய் சோறு போடுவியா?”

வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். அக்காவின் முகம் செத்துவிட்டது. ஆனால் குரல் மட்டும் அசையவில்லை.

“போடுதேன். அதுக்கு இன்னும் நாள் கெடக்கு. நீ பில்லப் போடு பிள்ள.”

சும்மா சொல்லக் கூடாது, நாள் கிடக்கத்தான் செய்தது. டாக்டர் சொன்னதற்கு மேலேயே அத்தானை வருஷக்கணக்கில் மெஷினில் ஏற்றாமல் வைத்திருந்தார் அக்கா. ரத்தப் பரிசோதனை முடிவு நன்றாக வந்த வாரங்களில் கடைக்கு வரும்போதே தெரிந்துவிடும். எங்களையெல்லாம் பேர் சொல்லி விசாரிப்பார். யாரோ எடுத்த சிப்ஸ் பாக்கெட்டுக்கு ஒரு “ச்சு” கூடக் கொட்ட மாட்டார். முடிவு சரியில்லாத வாரம் பூதக்கண்ணாடியும் கையுமாக ஒவ்வொரு வரிசையாகத் திரும்பத் திரும்பச் சுற்றுவார். எதைத் தேடுகிறார் என்று கேட்டால், “இவியளுக்கு ஆகுறதா, நாக்குக்கும் புடிக்கிறதா ஒண்ணு, ஒரே ஒண்ணு இருக்காதா இம்புட்டுப் பெரிய கடையில” என்பார்.

பிறகு ஒரு மாசம் அவரைக் காணவில்லை. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு சாயங்காலம் வந்தார். நேரே உள்ளே போய், நின்று பார்க்காமல், வண்டியில் சாமான்களைப் போட்டுக்கொண்டு வந்தார். நெத்திலிக் கருவாடு, தக்காளி, முருங்கைக்காய், அப்பளம், மாங்காய் ஊறுகாய், ஒரு பாக்கெட் கல்லுப்பு. ஒன்றையும் திருப்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்து மேஜையில் புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் அக்காவின் கதை தெரியும்.

“யக்கா! சாருக்கு நல்லாயிட்டா?” என்றாள் வாயெல்லாம் பல்லாக.

“ஆமாட்டி. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சு. இனிமே எத வேணாலும் குடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாவ.”

“அப்பாடா! இப்பத்தான் எனக்கு நிம்மதி” என்றாள் அந்தப் பிள்ளை. அவள் வீட்டில் இன்னும் யாரையும் ஆஸ்பத்திரியிலிருந்து அப்படிச் சொல்லி அனுப்பியதில்லை போலிருக்கிறது. என் கையில் கருவாட்டுப் பாக்கெட் இருந்தது. அதை மெஷினில் காட்ட எனக்குக் கை ஓடவில்லை. “போடு பிள்ள, நேரமாவுது” என்றார் அக்கா. இதயம் ரொம்பப் பலவீனம், டயாலிசிஸ் தாங்காது, இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். மகள் மறுநாள் காலையில் வந்துவிடுவாளாம்.

அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு, பையை என் ஸ்கூட்டரில் வைத்து அக்காவையும் ஏற்றிக்கொண்டு போனேன். அத்தான் முன்னறைக் கட்டிலில் படுத்திருந்தார். உடம்பு கட்டிலோடு கட்டிலாக ஒட்டியிருந்தது. ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. “பில்லு போடுற பிள்ளையா? வா வா” என்றார். அக்கா அடுப்படியில் கருவாட்டைக் கழுவி, புளி கரைத்து, குழம்பைக் கூட்டி வைத்தார். மணம் வீடெல்லாம் ஏறியது. அந்த வீட்டில் அப்படி ஒரு மணத்தை நான் அதற்கு முன்னால் அறிந்ததே இல்லை. கல்லுப்பைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார்.

“எம்புட்டுப் போடணும்னு கை மறந்து போச்சு பிள்ள. நீ போடு.”

நான் போட்டேன். ருசியும் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. அக்கா சோற்றைக் குழையப் பிசைந்து, குழம்பை ஊற்றி, ஒரு துண்டு கருவாடும் வைத்துக் கொண்டுபோனார். அத்தானைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தார். ஒரு வாய் ஊட்டினார். அத்தான் என்ன சொல்லப் போகிறார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

அத்தான் மென்றார். முகத்தைச் சுளித்தார். பக்கத்திலிருந்த கிண்ணத்தில் துப்பிவிட்டார்.

“ஏட்டி, உப்பு கூடிப்போச்சு.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய்த் திரும்பவும் ருசி பார்த்துவிட்டு வந்தேன். “சரியாத்தான் இருக்கு அத்தான். என் வீட்டுக்கு எப்பிடிப் போடுவேனோ அப்பிடித்தான் போட்டேன்” என்றேன்.

“அப்பிடியா? என்னால வாயில வைக்க முடியலயே,” என்றார் அத்தான். “காலையில ஒரு சுரக்காக் கூட்டு வச்சியே, அது மிச்சம் இருக்கா?”

“இருக்கு. அதுல உப்பே கெடையாதே.”

“அதான் கேக்கேன். அதப் போட்டுப் பெசஞ்சு கொண்டா.”

அக்கா கையில் தட்டோடு அசையாமல் நின்றார். “அது எப்பயிருந்து ஒங்களுக்குப் பிடிச்சுது?”

“அது ஆச்சு, ரொம்ப நாளு. சொன்னா நீ தலகால் புரியாம ஆடுவ. அதான் சொல்லல.”

அக்கா அடுப்படிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். தட்டை வைத்துவிட்டு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கூட்டைச் சூடாக்கி, வேறு சோறு போட்டுப் பிசைந்து எடுத்துக்கொண்டு போனார். அத்தான் பத்தியச் சோற்றை நன்றாகச் சாப்பிட்டார்.

“ஏன் மொதல்லயே சொல்லல? ஏன் சொல்லல?” என்று ஒவ்வொரு வாய்க்கும் கேட்டுக்கொண்டே அக்கா ஊட்டினார். அத்தான் அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தார்.